சேற்றில் போட்ட மேசை

ஜொகூரில் பிறந்தவர்கள், ஜொகூருக்குப் பிழைக்க வந்தவர்கள், ஜொகூரைக் கப்பலிலிருந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினாலும், மேசைக்காரரைப் போல நியாயமாகக் கோபப்பட்ட ஒருவர் அதில் தேறமாட்டார். அநியாயமாகக் கோபப்பட்டவர்கள் நிறையத் தேறுவார்கள். அவர்களில் பலருக்கு நான் கடிதம் டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

அவரை இப்போது நினைக்கக் காரணம் போன வாரத்துப் பத்திரிகை. எங்கோ ஒரு நகர மன்றத்தில் நிபுணர்களின் கூட்டுக் குழு அமைத்திருக்கிறார்களாம். ஆராய்ச்சியும் நடைமுறையும் இனிமேல் கைகோத்து நடக்குமாம். படமும் போட்டிருந்தார்கள். நிபுணர்கள் மாலையோடு வரிசையாக நிற்கிறார்கள். ஒருவராவது பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க வேண்டுமே. எல்லோரும் கேமராவையே பார்க்கிறார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. பென்ஷன்காரனின் ரத்தம் கொதித்து என்ன ஆகப் போகிறது? மேசைக்காரர் இருந்திருந்தால் அந்தப் படத்தை விரலால் தட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பார்.

"மாலையெல்லாம் சரி. மேசை எங்க?"

முப்பதுகளின் தொடக்கம். ரப்பர் விலை தரையில் கிடந்தது. பத்து பாகாட்டுக்குத் தெற்கே, ஓர் ஆறு கடலில் விழும் இடத்தில் இருந்த சின்ன ஊரின் டவுன் போர்டு ஆபீசில் நான் தலைமைக் கிராணி; குமாஸ்தாவுக்கு அங்கே அதுதான் பெயர். ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே வேலை பார்த்தவர்களில் சிலர் என்னைப் போல இன்னும் பென்ஷன் வாங்குகிறார்கள். பென்ஷன் வாங்குகிறவனுக்கு வழக்குப் போட நேரம் இருக்கிறது. சாக்கடை, சந்தை, தெருவிளக்கு, குப்பை இவை போர்டின் ராஜ்ஜியம். மேசைக்காரர் அந்த ராஜ்ஜியத்தின் சுகாதார இன்ஸ்பெக்டர்.

அவருக்குப் பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாளன்று மட்டும் அதற்கு வேலை. மற்ற நாட்களில் அவர் மேசைக்காரர். மலாய்க்காரர்களுக்குத் துவான் மேஜா, மேசைத் துரை. சீனக் கடைக்காரர்கள் அவருடைய தக்கைத் தொப்பி தெருமுனையில் தெரிந்ததும் கடைவாசல் சாக்கடையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றத் தொடங்கிவிடுவார்கள். அவர்களுக்குப் பெயரே தேவைப்படவில்லை.

ஆள் குட்டை, குரல் நெட்டை. கத்தோலிக்கர், ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடாதவர். வாரம் முழுவதும் திட்டிவிட்டுக் கடைசியில் சாமியாரிடம் பாவமன்னிப்புக் கேட்பது அவருக்குச் சரிப்படவில்லை. யாரைத் திட்டினோம் என்பது மறந்துபோகிறதாம். அதனால் திட்டுவதற்கு முன்பே சிலுவை போட்டுக்கொள்வார். மன்னிப்பு முன்பணமாகக் கட்டியாகிவிட்டது, இனி சரக்கு வரலாம். அந்தக் கை நெற்றிக்குப் போவதைக் கண்டதும் ஆபீசில் அனுபவசாலிகள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். சண்டையை ஆங்கிலத்தில் தொடங்குவார், தமிழில் வளர்ப்பார், மலாயில் சமாதானம் சொல்லி முடிப்பார். அவருக்கு மலாயில் கெட்ட வார்த்தை தெரியாது என்பது ஊரின் அதிர்ஷ்டம்.

அவருடைய கோபமெல்லாம் ஒன்றைப் பற்றித்தான். ஆபீசில் எதிரெதிர் அறைகளில் உட்கார்ந்திருக்கும் இரண்டு அதிகாரிகள் ஒரு விஷயம் பேச வேண்டுமானால் பேச மாட்டார்கள். ஒருவர் தாளில் எழுதுவார். பியூன் எடுத்துக்கொண்டு போவார். மற்றவர் அதற்குக் கீழே எழுதுவார். பியூன் திரும்பி வருவார். இரண்டு கதவுகளுக்கும் இடையே ஓர் ஆள் படுக்கலாம், அவ்வளவுதான் தூரம். கதவைத் தட்டிக் கேட்டால் வெற்றிலை மடிக்கும் நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் கதவைத் தட்டுவது நடைமுறையில் இல்லை. நடைமுறை எனக்குத் தெரியும். அதைக் காப்பாற்றத்தான் எனக்குச் சம்பளம்.

மீன் சந்தையின் தரை விவகாரம் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. தரையின் சரிவு சரியில்லை, தண்ணீர் தேங்குகிறது என்று சந்தை மேற்பார்வையாளர் எழுதினார். சரிவு சரிதான், கழுவுகிற முறைதான் தப்பு என்று மராமத்து ஓவர்சியர் எழுதினார். பியூனுடைய செருப்பு தேய்ந்தது. மீன் செதிளும் தண்ணீரும் தேங்கித் தேங்கி, சந்தைப் பக்கம் போகிறவர்கள் மூக்கைப் பொத்துவதற்கு ஒரு கையை ஒதுக்கிவிட்டு மற்றக் கையால் மீன் வாங்கினார்கள்.

அந்தச் சமயம் ஒரு சீனர் காப்பிக்கடையை மூடினார். அங்கிருந்த வட்ட மேசை ஒன்றை நம் ஆள் வாங்கிவிட்டார். மேலே மார்பிள் பலகை, கீழே யானைக் கால் போன்ற மரக்கால்கள். அதைத் தூக்குகிறவர்கள் தூக்கும்போது பேச மாட்டார்கள், இறக்கிய பிறகு சொல்லத்தகாததைப் பேசுவார்கள். மறுநாள் போர்டின் குப்பை மாட்டுவண்டியில் அந்த மேசை ஊர்வலம் போய் மீன் சந்தையின் நடுவில், நாற்றம் அதிகமான இடமாகப் பார்த்து இறங்கியது. ஓவர்சியரையும் மேற்பார்வையாளரையும் தரதரவென்று இழுத்து வந்து உட்காரவைத்தார். கோப்பி வந்தது. கோப்பியை வாய்க்குக் கொண்டுபோக மூக்கைத் திறந்தாக வேண்டும். கோப்பி ஆறுவதற்குள் தரையை இடித்துப் போடுவது என்று முடிவாகிவிட்டது.

அன்று முதல் மேசைக்கென்று சட்டம் உண்டாயிற்று. எந்த இடத்தைப் பற்றிப் பேச்சோ அந்த இடத்தில்தான் மேசை. மேசைமேல் காகிதம் வைக்கக் கூடாது. வட்ட மேசை என்பதால் தலைமாட்டில் யார் உட்காருவது என்ற கேள்வி கிடையாது; ஆபீஸ் நீள மேசையில் அந்தக் கேள்விக்கே பாதி நாள் போய்விடும். மேசை போட்டவர் உட்காரக் கூடாது. அவர் எப்போதும் நின்றுகொண்டே இருப்பார், காவல்காரர் மாதிரி. பொதுக் கக்கூஸ் விவகாரத்திற்கும் அந்த மேசை போனது. அதை நான் விவரிக்கப் போவதில்லை. போர்டுத் தலைவர் துரை கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு, கேட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார் என்பது மட்டும் உண்மை.

ஆனால் இவையெல்லாம் உள்ளூர் ஆட்கள். பெரிய நிபுணர்கள் தலைநகரில் இருந்தார்கள். அங்கேதான் லயத்தின் கதை தொடங்குகிறது.

லயம் என்பது போர்டின் தமிழ்த் தொழிலாளர்கள் குடியிருந்த நீளக் கொட்டகை. சாக்கடை வாருகிறவர்கள், புல் வெட்டுகிற பெண்கள், குப்பை வண்டிக்காரர்கள் எல்லோரும் அங்கேதான். ஊரின் கடைசியில், சதுப்புக் காட்டின் ஓரத்தில் அதைக் கட்டியிருந்தார்கள். வேறு யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய இடம் அது என்று விளக்க வேண்டியதில்லை. லயத்தின் முன்னால் ஒரு பெரிய சாக்கடை ஓடி ஆற்றில் விழும். அது விழும் இடத்தில் மடைக்கதவு. கடல் ஏறும்போது கதவு மூடிக்கொள்ளும், வற்றும்போது திறந்துகொள்ளும். அப்படித்தான் எஞ்சினியர் சொன்னார்.

லயத்தில் குளிர்காய்ச்சல். போர்வை போதாமல் கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்குவார்கள். மறுநாள் எழுந்து வேலைக்கு வருவார்கள், அதற்கு மறுநாள் மறுபடியும் நடுங்குவார்கள். குழந்தைகள் இறந்தன. மருந்து கொடுத்தார்கள். மருந்து காய்ச்சலைத்தான் துரத்தும், கொசுவைத் துரத்தாதே. கடைசியில் போர்டு நிபுணர்களின் கூட்டுக் குழு ஒன்றை அமைத்தது. பெரிய டாக்டர், பெரிய எஞ்சினியர், ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து ஒரு கொசு துரை. மூன்று பேருமே வெள்ளைக்காரர்கள், மூன்று பேருமே கெட்டிக்காரர்கள். அதை நான் மறுக்கவில்லை. என் கோபமே அதில்தான் இருக்கிறது.

டாக்டர் கடலோரக் கப்பலில் வருவார். ஆற்று வாயில் மணல்திட்டு இருந்ததால் கடல் ஏறியிருக்கும்போதுதான் கப்பல் உள்ளே நுழையும், இறங்குவதற்குள் வெளியே ஓடிவிட வேண்டும். எஞ்சினியர் காரில் வருவார். ஊருக்கு வரும் சாலையில் ஒரு பள்ளம்; கடல் ஏறினால் அது மூழ்கிவிடும். ஆகவே வற்றத்தில்தான் அவர் வர முடியும், தண்ணீர் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

புரிகிறதா? ஒருவர் வரும்போது மற்றவரால் வர முடியாது. டாக்டர் வந்தபோதெல்லாம் லயத்தின் வாசற்படி வரைக்கும் கடல் தண்ணீர். அவர் படகில் நின்றபடியே பார்த்தார். மனிதர் வசிக்க லாயக்கில்லாத இடம், லயத்தைக் காலி செய்க என்று எழுதினார். எஞ்சினியர் வந்தபோதெல்லாம் சாக்கடை காய்ந்து சுத்தமாக இருந்தது. மடைக்கதவைத் தட்டிப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, செலவு தேவையில்லை என்று எழுதினார். இரண்டும் பொய் இல்லை. ஒரே இடத்தைப் பார்த்து இரண்டு பெரிய படிப்பாளிகள் எழுதிய இரண்டு உண்மைகள்.

கொசு துரை ஊரிலேயே விருந்தினர் விடுதியில் தங்கியிருந்தார். நல்ல மனிதர். கொசுவைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து அதனோடு பேசுவார். அவர் என்ன கண்டுபிடித்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இரண்டு அறிக்கைகளையும் வைத்துக்கொண்டு போர்டு யோசித்தது. சாக்கடைக்குச் செலவு வேண்டாம் என்கிறார் எஞ்சினியர். லயம் வேண்டாம் என்கிறார் டாக்டர். இரண்டையும் ஏற்றுக்கொண்டுவிட்டால் என்ன? லயத்தை இடித்துவிட்டு அதிலிருந்த குடும்பங்களைக் கப்பல் ஏற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிடலாம். அந்த வருஷங்களில் தோட்டம் தோட்டமாக ஆட்களை அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சொந்த ஊரில் இவர்களுக்கு என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பலர் இங்கேயே பிறந்தவர்கள். பாதிப் பேருக்கு எந்த ஊர் என்றுகூடத் தெரியாது.

உத்தரவு தயாரானது. ஒரே ஒரு முள் குறுக்கே கிடந்தது. கூட்டுக் குழுவின் முடிவு, உறுப்பினர்கள் நேரில் கூடி எடுத்ததாக இருக்க வேண்டும் என்று விதியில் இருந்தது. சுற்றுக்கு விட்டுக் கையெழுத்து வாங்கினால் செல்லாது. அந்த விதியை எழுதிய புண்ணியவான் யாரென்று தெரியாது, எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். நான் அதைத் தலைவர் துரைக்கு எடுத்துக் காட்டினேன். சம்பிரதாயத்துக்கு ஒரு கூட்டம் வைத்து முடித்துவிடு என்றார்.

மேசைக்காரர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"கெராணியாரே, எங்க கூடணும்னு விதியில இருக்கா?"

"நோட்டீஸ்ல போட்ட இடத்துல கூடணும்."

"நோட்டீஸ் யார் அடிக்கிறது?"

"நான்தான்."

அவருடைய கை நெற்றிக்குப் போனது. நான் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"உங்கள இல்ல லா," என்றார். "அன்னைக்கு நிறைய வேல இருக்கும். இன்னைக்கே கொஞ்சம் போட்டு வச்சுக்கிறேன்."

கூட்டம் நடக்கும் இடம் போர்டு மேசை என்று அடித்தேன். எந்த மேசை என்று அடிக்கவில்லை. காலையில் தொடங்கி முடிவு எடுக்கும் வரை நடக்கும் என்றும் அடித்தேன். தலைவர் துரை படிக்காமல் கையெழுத்துப் போடுவதில் நிபுணர். போட்டார். கூட்டத்துக்கு வர அவருக்கு நேரமில்லை.

அன்று காலை வற்றம். குப்பை வண்டியில் மேசை லயத்துக்கு வந்து, சாக்கடைக் கரையில் பலகைகளின்மேல் இறங்கியது. லயத்துக்காரி அஞ்சலை புல் வெட்டப் போகாமல் வாசலில் நின்றிருந்தாள். உள்ளே அவள் புருஷன் சாக்குக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். ஒரு குழந்தையை ஏற்கனவே புதைத்தவள், இன்னொன்று இடுப்பில் சுருண்டு கிடந்தது. அப்படிப்பட்ட நேரத்திலும் அவளுக்கு வாய் அடங்காது.

"என்னாங்கய்யா, மேச நாக்காலியெல்லாம் வருது, கல்யாணமா?"

"கல்யாணந்தான். மாப்பிள கார்ல வர்றான், பொண்ணு கப்பல்ல வருது."

"ரெண்டும் பாத்துக்கிட்டது உண்டா?"

"இல்ல. அதான் கொழந்தைங்க சாவுது," என்றார் மேசைக்காரர். அவள் அதற்குமேல் சிரிக்கவில்லை.

பியூன் வழிகாட்ட எஞ்சினியர் வந்தார். காய்ந்த சாக்கடையைப் பார்த்தார், திருப்தியானார், டாக்டருக்காகக் காத்திருந்தால் சாலை மூழ்கிவிடும் என்று கடிகாரத்தைப் பார்த்தார், கார்க் கதவைத் திறந்தார். சிலுவை. இந்தச் சாக்கடை கருவாடு காயப்போட நல்ல இடம், இதைக் கட்டியவருக்கு மீனவர்கள் சிலை வைக்க வேண்டும் என்று மேசைக்காரர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். எஞ்சினியர் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து பதில் சொன்னார். பதில் சொல்லிவிட்டு மறுபடியும் கதவைத் திறந்தார். மடைக்கதவைப் பற்றி இன்னொன்று வந்தது. கதவு சாத்தப்பட்டது. எஞ்சினியர் ரோஷக்காரர், கடைசி வார்த்தை தன்னுடையதாக இருந்தாலொழிய ஊரைவிட்டுப் போக மாட்டார். மேசைக்காரரிடம் கடைசி வார்த்தை என்பதே கிடையாது. அந்தக் கார்க் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டு லயமே வெளியே வந்துவிட்டது. முடிவில் மலாய் டிரைவர் சாலைப் பள்ளம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, தண்ணீர் ஏறிவிட்டது துவான், இனி மறு வற்றத்தில்தான் போக முடியும் என்று பணிவாகச் சொன்னான். மேசைக்காரர் உடனே மலாய்க்கு மாறினார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

மாப்பிள்ளை அகப்பட்டாயிற்று. கடல் நன்றாக ஏறியதும் கப்பல் ஊதியது. டாக்டர் படகில் வந்து மேசையை அடைந்தபோது தண்ணீர் சாக்கடைக் கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கொசு துரை தன் குப்பிகளோடு ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். மேசைமேல் காகிதம் கூடாது என்ற சட்டத்தில் அன்று எனக்கு மட்டும் விலக்கு. நான் நிகழ்ச்சி நிரலின் முதல் இனத்தைப் படித்தேன். தலைவர் இல்லாததால் உறுப்பினர்களில் மூத்தவர் கூட்டத்தை நடத்துவார்.

மூத்தவர் யார்? நான்தான் என்றார் டாக்டர். நான்தான் என்றார் எஞ்சினியரும். ஒருவர் சேவையில் சேர்ந்த காலத்தைச் சொன்னார், மற்றவர் பதவியின் தரத்தைச் சொன்னார். நான் இரண்டு பக்கத்துக்கும் ஆதரவாக விதிகளை எடுத்துக் கொடுத்தேன். அது என் வேலை. விதிகள் இரண்டு பக்கத்துக்கும் தாராளமாக இருந்தன. கப்பல் முதல் முறை ஊதியது. டாக்டர் எழுந்தார். தான் போய்விட்டால் எஞ்சினியர் தலைவராகிவிடுவார் என்பது நினைவுக்கு வந்து உட்கார்ந்தார். மறுபடி ஊதியது. மறுபடி எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பிறகு ஊதவில்லை. ஆற்று வளைவில் புகை மட்டும் தெரிந்தது.

அப்போதுதான் எஞ்சினியர் காலைத் தூக்கினார். சப்பாத்துக்குள் தண்ணீர். அவர் கட்டிய மடைக்கதவு யோக்கியமாக மூடியிருந்தது. கடல் அதைச் சட்டை செய்யவில்லை. லயத்துக்குப் பின்னால் சதுப்பு ஓரத்தில் கரை தாழ்ந்திருந்த இடத்தில் ஏறி, சமையல் குசினிகளைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தது. இத்தனை முறை வந்தும் அவர் அதைப் பார்த்ததில்லை. சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார். கடைசி வார்த்தை கடலுடையதாகிவிட்டது.

பிறகு வற்றத் தொடங்கியது. இப்போது டாக்டரின் முறை. அவர் வெள்ளக்காடு என்று எழுதிய இடம் அவர் கண்ணெதிரே வடிந்து, சாக்கடை காய்ந்து, வாசல் மண் தெரிந்தது. பின்னால் போய்ப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். போனோம். குசினிகளுக்குப் பின்னால் தாழ்வான நிலத்தில் தண்ணீர் அப்படியே நின்றது. சாக்கடையைவிடப் பள்ளம் என்பதால் அது வடிய வழியில்லை. எஞ்சினியர் அந்தப் பக்கம் வந்ததில்லை, கட்டடத்துக்குப் பின்புறம் சுகாதாரப் பகுதியின் எல்லை என்பதால். டாக்டர் வந்ததில்லை, படகு போகாது என்பதால்.

குட்டையைச் சுற்றி அழகாக மரக்குச்சிகள் நட்டிருந்தன. ஒரு பலகையும் இருந்தது. ஆராய்ச்சி நடக்கிறது, யாரும் தொட வேண்டாம் என்று மூன்று மொழியில்.

எல்லோரும் கொசு துரையைப் பார்த்தோம். அவருக்குக் காது சிவந்தது. காய்ச்சல் கொசு இந்தக் குட்டையில் பிறக்கிறதா என்று டாக்டர் கேட்டார். சொல்வதற்கில்லை, என் கட்டுரையைச் சிங்கப்பூரில் நிபுணர் சபையில் வாசித்த பிறகுதான் சொல்ல முடியும், அதுதான் முறை என்றார்.

மேசைக்காரர் சிலுவை போடவில்லை. அதை நான் கவனித்தேன். அந்தக் கோபத்துக்கு அவர் மன்னிப்புக் கேட்க விரும்பவில்லை. ஆங்கிலமும் வரவில்லை, நேராகத் தமிழ்தான்.

"நீ வாசிச்ச பொறகுதான் அது கடிக்குமா? அதுவரைக்கும் பொறுத்துக்கச் சொல்லி அதுக்கும் பலக எழுதி வச்சிருக்கியா?"

மொழிபெயர்க்கும்படி டாக்டர் என்னைப் பார்த்தார். நான் நடைமுறை தெரிந்தவன், நோட்டைப் புரட்டினேன். தேவைப்படவில்லை. அஞ்சலை முன்னால் வந்து இடுப்பிலிருந்த பெண் குழந்தையை இறக்கி அந்தப் பலகையின் பக்கத்தில் நிறுத்தினாள். குழந்தைக்கு நிற்க முடியவில்லை, பலகையைப் பிடித்துக்கொண்டது.

"தொர, எங்கள கப்பல் ஏத்திட்டா காச்சல் போயிருமா? அது இங்கனதான் இருக்கும். நாங்கதான் இருக்க மாட்டோம். பொறகு யாரக் கடிக்கும்?"

இதை மட்டும் நான் மொழிபெயர்த்தேன். ஒரு வார்த்தை விடாமல்.

கொசு துரை குப்பியை வைத்துவிட்டுக் குழந்தையைப் பார்த்தார். இவ்வளவு நாளும் அவர் அந்த லயத்தில் கொசுவை மட்டும்தான் பார்த்திருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு சொல்லிவிட்டார். உப்புக் கலந்து, வெயில் பட்டு, அசையாமல் நிற்கும் தண்ணீர்தான் அந்தக் கொசுவுக்கு வேண்டும். ஓடும் சாக்கடையும் வேண்டாம், திறந்த கடலும் வேண்டாம். இந்தக் குட்டை ஒன்று போதும். ஒவ்வோர் ஏற்றத்திலும் குட்டைக்குப் புதுத் தண்ணீர் வருகிறது.

மேசைக்குத் திரும்பினோம். இப்போது யாரும் யார் மூத்தவர் என்று கேட்கவில்லை. எஞ்சினியர் கோப்பியில் விரலைத் தொட்டு மார்பிளில் கோடு போட்டார். இது கரை, இங்கே உயர்த்த வேண்டும். டாக்டர் தன் விரலால் எந்தெந்த அறையில் காய்ச்சல் என்று புள்ளி வைத்தார். கொசு துரை அந்தப் புள்ளிகளிலிருந்து குட்டைக்குக் கோடு இழுத்தார். மூன்று தலைகளும் ஒன்றோடொன்று முட்டின. குட்டையிலிருந்து சாக்கடைக்கு ஒரு கால்வாய், சாக்கடையை ஆழமாக்கி மடைக்கதவைத் தாழ்த்துவது, பின்கரையை உயர்த்துவது. கோப்பி காய்வதற்குள் முடிந்துவிட்டது. லயம் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று நான் எழுதிக்கொண்டேன். என் கையெழுத்து அன்று கொஞ்சம் கோணலாக வந்தது.

மேசைக்காரர் இதையெல்லாம் வென்ற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் இத்தனை வருஷமும் காய்ச்சலுக்குக் காரணம் கக்கூஸ் நாற்றம்தான் என்று ஊர் அதிரக் கத்திவந்தவர். அதற்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமே இல்லை என்று கொசு துரை போகிறபோக்கில் சொல்லிவிட்டார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அப்ப நானும் தப்பாத்தான் கத்துனேனா, கெராணியாரே?"

"ஆமா."

"எனக்கு என்னா தெரியும்? மேச போடத் தெரியும்," என்றார்.

வேலை நடந்தது. கரை உயர்ந்தது, குட்டை காய்ந்தது, கொசு துரையின் பலகை அஞ்சலையின் அடுப்புக்குப் போனது. காய்ச்சல் ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஆனால் சாக்குக்குள் நடுங்கியவர்கள் எழுந்து நடமாடினார்கள். கப்பல் உத்தரவு ரத்தானது. அஞ்சலையின் குழந்தை பலகையைப் பிடிக்காமல் நின்றது, பிறகு ஓடியது, பிறகு ஊர் முழுவதும் வாயாடியது. தாயைக் கொண்டிருந்தது.

நிபுணர் குழுவின் அறிக்கை வந்தது. பல துறைகளின் ஒத்துழைப்பு உணர்வுக்கு இது எடுத்துக்காட்டு என்று எழுதியிருந்தார்கள். ஒத்துழைப்பு உணர்வு. அதைக் காரில் ஏற விடாமல் திட்டியதையும், அது கப்பலைத் தவறவிட்டதையும், அதன் சப்பாத்தில் தண்ணீர் புகுந்ததையும் நான் என் கண்ணால் பார்த்தேன். மேசைக்காரரின் பெயர் அறிக்கையில் எங்கும் இல்லை. அவருக்குத் தனியாக ஒரு கடிதம் வந்தது. போர்டின் குப்பை வண்டியில் சொந்தத் தட்டுமுட்டுச் சாமானை ஏற்றியது ஏன் என்று விளக்கம் கேட்டு. இனி அப்படிச் செய்யக் கூடாது என்ற எச்சரிக்கை. கையோடு சிம்பாங் ரெங்கம் பக்கம் மாற்றல். அங்கே கடலும் இல்லை, கப்பலும் இல்லை, நிபுணரும் வர மாட்டார். இதை எழுதும்போது இப்போதும் என் பேனா காகிதத்தைக் கிழித்துவிடுகிறது. வயதினால் என்று வைத்தியர் சொல்கிறார். வைத்தியருக்கு என்ன தெரியும்?

போகும் நாளன்று அவர் லயத்துக்கு வந்தார். மேசை சாக்கடைக் கரையிலேயே கிடந்தது. வண்டி இல்லாமல் அதை அசைக்க முடியாது. வண்டியில் ஏற்றக் கூடாது என்று உத்தரவு. போர்டு தன் வாயாலேயே மேசையை அங்கே நிறுத்திவைத்துவிட்டது. அவர் அதை நினைத்து வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"கெராணியாரே, தண்ணி மேசக் காலத் தொட்டுச்சுன்னா எனக்கு ஒரு வரி எழுதுங்க. வந்துர்றேன்."

தலைமைக் கிராணியின் கடமைகளில் கடல் பார்ப்பது இல்லை. அதற்கு விதியும் இல்லை, படியும் இல்லை. ஆனாலும் நான் அந்த ஊரில் இருந்த வரைக்கும் பௌர்ணமி, அமாவாசை ஏற்றங்களில் குடையை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போய்விடுவேன். அஞ்சலை கோப்பி கொண்டுவந்து மார்பிளின்மேல் வைப்பாள். நான் உட்காராமல் நின்றுகொண்டே குடிப்பேன். கடல் சதுப்புக் காட்டைத் தாண்டி வரும், உயர்த்திய கரையில் வந்து முட்டும், மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும், திரும்பிப் போய்விடும். மேசையின் கால்கள் காய்ந்தே இருக்கும்.

லயத்துக்காக நான் சந்தோஷப்படத்தான் செய்தேன். இருந்தாலும் ஒரே ஒரு ஏற்றத்திலாவது, ஒரு கால் மட்டுமாவது, விரல்நுனி அளவாவது நனையாதா என்று அங்கே நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த மனிதருக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்று இருந்தது.